அளவு ஜாக்கெட்

இன்று காலை மைதானத்தில் நடந்துகொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் என்னை நிறுத்தி, என் மணிக்கட்டைப் பிடித்துக் குலுக்கி, "ஏனுங்க, நல்லா எளைச்சுட்டீங்களே! சூப்பருங்க!" என்றார். நான் நன்றி சொல்லவில்லை. கையை உருவிக்கொண்டு பாதி நடையில் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். "நல்லதுதான சொன்னோம், இவங்களுக்கு என்னாச்சு?" என்று பின்னால் யாரோ கேட்டது காதில் விழுந்தது. கோபம் ஒன்றும் இல்லை, தாய்மார்களே. ஆனால் காரணம் இருக்கிறது. அதை மைதானத்தில் நின்றுகொண்டு சொல்ல முடியாது, அழுதுவிடுவேன். அதனால் நம் நடைக்குழுவுக்கு எழுதுகிறேன்.

நாமெல்லாம் அறுபதைத் தாண்டியவர்கள். எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்பதைத் தவிர நமக்குள் வேறு பேச்சே கிடையாது. போன வாரம் துணிக்கடையில் ஒரு சின்னப் பெண் என்னைப் பார்த்து, "ஹெல்தியா இருக்கறவங்களுக்கு அந்தப் பக்கமுங்க மேடம்" என்று கைகாட்டினாள். சர்க்கரை, பிரஷர், முட்டிவலி எல்லாம் குடியிருக்கும் உடம்பு ஹெல்தியாம்! சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் போனேன். இந்த மாதிரி வார்த்தைகளோடு எனக்குப் பழைய சண்டை உண்டு. அது பதிமூன்று வயதில், என் அண்ணன் கல்யாணம் நடந்த வருஷம் ஆரம்பித்தது.

அப்போது எங்கள் வீடு கணபதியில். முன்பக்கம் அப்பாவின் லேத் பட்டறை, பின்பக்கம் வீடு. சோற்றுத் தட்டில்கூட இரும்புத்தூள் வாசம் அடிக்கும். ஒரு சுவர் தாண்டினால் சித்தப்பா வீடு. அண்ணனுக்குக் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான்.

அவனுக்கும் எனக்கும் ஒரே உடம்பு. அப்பா வழியில் வந்த அகலத் தோள், தடித்த மணிக்கட்டு, உருண்டை முகம். பட்டறைக்கு வருகிறவர்கள் அவனைப் பார்த்து, "பையன் வாட்டசாட்டமா இருக்கறானுங்க, நடந்து வந்தா ஜம்முனு இருக்குது" என்பார்கள். அப்பா மீசைக்குள் சிரித்துக்கொள்வார். என்னையும் ஒரு காலத்தில் கொஞ்சியவர்கள்தான். கைக்குழந்தையாக இருந்தபோது "கொழுகொழுன்னு பால்டப்பாப் பாப்பாவாட்டம்" என்று எடுத்த போட்டோ கூடத்தில் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கும். பள்ளிக்கூடம் சேர்ந்தபோது "நல்ல புஷ்டியான புள்ளை". தாவணி போட்டதும் பாருங்கள், ஒரே நாளில் எல்லார் வாயும் மாறிவிட்டது. அக்கம்பக்கத்தில் "ஒடம்பு போட்டுருச்சு" என்றார்கள். பள்ளியில் "டிரம்மு". அம்மா மட்டும் "பூசுனாப்ல இருக்கறா, அவ்வளவுதான்" என்பாள். அப்பாவின் அக்கா, என் அத்தை, நல்ல மூடில் இருந்தால் "லட்சுமி கடாட்சம்" என்பாள், கோபம் வந்தால் "தடிச்சி". எல்லாம் ஒரே உடம்புக்கு வைத்த பெயர்கள்.

சித்தப்பா மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள், ஆனாலும் எங்களுக்குள் வாடி போடிதான். அவள் பாடு இன்னும் மோசம். "நோஞ்சான்", "சோகை புடிச்சவ", "ஒடக்கான்". ஓணானைத்தான் நம் பக்கத்தில் ஒடக்கான் என்போம். வருகிறவர்கள் எல்லாம் சித்தியிடம், "ஏன் அம்மணி, புள்ளைக்குச் சோறு போடறயா இல்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காரவே செய்வார்கள். சித்தி உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி கொண்டுவருவாள்.

அண்ணனுக்கு ஈரோட்டில் பெண் முடிவானது. மஞ்சள் மண்டிக்காரர்கள், வசதியானவர்கள். கார்த்திகை மாசம் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். காப்பித் தட்டை ஏந்திக்கொண்டு சித்தப்பா மகள் வந்தாள். பெண்ணின் பெரியம்மா, தங்கக்கம்பி போட்ட கண்ணாடிக்காரி, அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அடடா, கொடியாட்டம் சிக்குனு இருக்குதே புள்ளை!" என்றாள். பிறகு முறுக்குத் தட்டோடு வந்த என்னைப் பார்த்தாள். "இது மாப்பிள்ளையோட தங்கச்சிங்களா? நல்லா..." என்று இழுத்து, சொல் தேடி, கடைசியில் முறுக்கை எடுத்துக் கடித்தாள். நம் ஊர் மரியாதை உங்களுக்குத் தெரியாததா? குத்துவதைக்கூட 'ங்க' போட்டுத்தான் குத்துவோம். எனக்கு அந்த 'நல்லா'தான் இரண்டு நாள் தொண்டையில் நின்றது.

சாயங்காலம் சித்தப்பா மகள் சுவர் தாண்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நேத்து வரைக்கும் நானு ஒடக்கான். இன்னைக்கு எப்படிடி கொடியானேன்?" என்று கேட்டாள். அவள் சந்தோஷப்படவில்லை, பயந்திருந்தாள். காரணம் மறுநாள் தெரிந்தது.

இணைச்சீர் நமக்கெல்லாம் தெரியும். வாக்கப்பட்டு இந்தப் பக்கம் வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் செய்கிற சீர் அது. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் புதுப்பட்டு கட்டி, மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையை வைத்த மூங்கில் பேழையை ஏந்திக்கொண்டு அவன் பக்கத்தில் நிற்பாள். சேலையின் ஒரு முனை அவன் கையில் இருக்கும். சடங்கை அருமைக்காரர் நடத்திவைப்பார். கூடப்பிறந்தவள் இல்லாத வீட்டில்தான் பங்காளி மகளைத் தேடுவார்கள். நான் விவரம் தெரிந்த நாளிலிருந்து முறத்தைப் பேழையாக இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணன் பக்கத்தில் நின்று பழகியவள். அவன் சிரித்துக்கொண்டே என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொள்வான்.

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து வந்த அத்தை, வெற்றிலையை மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "இணைச்சீருக்குச் சின்னவன் புள்ளையே நிக்கட்டும். அதுவும் தங்கச்சிதான. போட்டோவுக்கும் எடுப்பா இருக்கும்."

அம்மா அத்தையை நங்கையா என்று கூப்பிடுவாள். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அன்று மெதுவாக, "நங்கையா, கூடப்பொறந்தவ குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப..." என்று ஆரம்பித்தாள்.

"அந்தக் குத்துக்கல்லுதான் எனக்குக் கவலை. ஈரோட்டு சனம் பூரா வருது. நாளைக்கு இவளுக்கும் ஒருத்தனைத் தேடோணுமில்ல? சபையில நிறுத்தி, தடிச்ச புள்ளைன்னு பேராயிருச்சுன்னா அந்தப் பேரை அழிக்கறதுக்குள்ள நம்ம ஆவி போயிரும்."

அப்பா பட்டறைப் பக்கம் பார்த்துக்கொண்டு, "அக்கா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். முடிந்தது.

அண்ணனிடம் போனேன். லேத்தை நிறுத்திவிட்டுக் கழிவுப் பஞ்சில் கை துடைத்துக்கொண்டிருந்தான். "அண்ணா, உன்னைய ஆராச்சும் எளைக்கச் சொன்னாங்களா?"

"என்னைய எதுக்கு?"

"உனக்கும் எனக்கும் ஒரே ஒடம்புதான?"

சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "அத்தை சொல்றதுக்கு நானு என்ன பண்றது அம்மணி" என்று மறுபடி பஞ்சைத் தேடினான். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அழுகை வந்தது, அழவில்லை. நேராக அத்தையிடம் போய், "இணைச்சீருக்கு நாந்தானுங்க நிப்பேன்" என்றேன். அத்தை திட்டவில்லை. என் மணிக்கட்டைப் பெருவிரலாலும் நடுவிரலாலும் சுற்றிப் பிடித்தாள். விரல்கள் முட்டவில்லை. "இது முட்டற அளவுக்கு எளைச்சுக் காட்டு, அப்பறம் பாக்கலாம்" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் சமையலறை வைத்தியசாலை ஆயிற்று. எந்த உடம்புக்கு எந்தத் தானியம் என்பது நம் பெண்களுக்கு மனப்பாடம் அல்லவா? எனக்குக் காலையில் கொள்ளு ரசம், மத்தியானம் கொள்ளுப்பருப்பு, ராத்திரி கொள்ளுக் கஞ்சி. எதிரில் உட்கார வைத்துச் சித்தப்பா மகளுக்கு எள்ளுருண்டை, உளுந்தங்களி, அதன் மேல் குழி பறித்து ஊற்றிய நல்லெண்ணெய். சபைக்கு முன்னால் அவளுக்குக் கன்னம் கொஞ்சம் தேற வேண்டுமாம். நான் நேர்மையாகத்தான் ஆரம்பித்தேன். பசியில் காது அடைக்கும். எள் வறுபடும் வாசம் சுவர் தாண்டி வரும்போது எச்சிலை விழுங்கிக்கொண்டு பட்டறையைச் சுற்றி ஓடுவேன். கல்யாணம் வரை எங்களோடு தங்கிவிட்ட அத்தை வெள்ளிக்கிழமைதோறும் மணிக்கட்டைப் பிடிப்பாள். விரல்கள் முட்டவே இல்லை. இப்போது யோசித்தால் சிரிப்பாக வருகிறது. மணிக்கட்டில் இருப்பது எலும்பு, அது எங்கே இளைக்கும்? அத்தைக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சித்தப்பா மகள் எண்ணெய்க் களியை வாயில் வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் கண்ணீர் விடுவாள். ஒரு நாள் அத்தை கொல்லைப்பக்கம் போன நேரம், ஒரு வார்த்தையும் பேசாமல் தன் தட்டை என் பக்கம் தள்ளினாள். நானும் என் கிண்ணத்தைத் தள்ளினேன். கொள்ளு ரசத்தை அவள் ஆசையாகக் குடித்தாள், பாவம், அவளுக்குக் காரம்தான் பிடிக்கும். அப்புறம் தினமும் அப்படித்தான். "என்னத்தைத் தின்னும் ரெண்டும் அப்படியேதான் இருக்குதுக, கெரகம்!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

அத்தையைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மத்தியானம் கொள்ளு வறுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "என்னைய மொதல்ல பொண்ணுப் பாக்க வந்தவங்க, வத்தலாட்டம் இருக்குது, நாலு புள்ளை பெத்தாத் தாங்குமான்னு கேட்டுப்போட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அந்தப் பேரு எனக்கு முன்னால ஊரூராப் போச்சு கண்ணு. வத்தல்னே கூப்பிட்டாங்க." வறுத்த கொள்ளு கருகிவிட்டது. அவளுக்கு என் உடம்பு மேல் வெறுப்பு இல்லை, ஊர் வைக்கும் பெயர் மேல் பயம். ஆனால் அந்தப் பயத்தை அவள் தூக்கி என் தலையில் வைத்தாள். பதிமூன்று வயதில் எனக்கு அது அநியாயமாகத்தான் தெரிந்தது. இன்றைக்கும் அப்படித்தான் தெரிகிறது.

மார்கழியில் இணைச்சீருக்கு மயில்கழுத்து நிறத்தில் பட்டு எடுத்து வந்தார்கள். சேலை யாருக்கும் பொருந்தும். ஜாக்கெட்தான் ஆளைக் கேட்கும். அத்தை, சித்தப்பா மகளின் ஜாக்கெட் ஒன்றைப் பட்டுத்துணியோடு சேர்த்துப் பேப்பரில் சுற்றி என் கையிலேயே கொடுத்தாள். "அளவு ஜாக்கெட் உள்ள இருக்குது. ஓடிப்போயி டெய்லர்கிட்டக் குடுத்துப்போட்டு வந்துரு."

என்னையே அனுப்பியதுதான் பொறுக்கவில்லை. தெருமுனை வரை போனேன். நின்றேன். திரும்பி வந்து, பின்வாசல் வழியாக நுழைந்து, கொடியில் காய்ந்த என் ஜாக்கெட்டை உருவி, பொட்டலத்தைப் பிரித்து மாற்றி வைத்தேன். நிமிர்ந்தால் கதவோரம் சித்தப்பா மகள் நிற்கிறாள்! எனக்கு உயிரே போய்விட்டது. அவள் வந்து தன் ஜாக்கெட்டைக் கையில் எடுத்து மடித்து, தாவணிக்குள் செருகிக்கொண்டாள். "போடி, கடை சாத்தீருவாங்க" என்றாள்.

தை மாசம், கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் ஜாக்கெட் தைத்து வந்தது. மகளுக்குப் போட்டுப் பார்க்கட்டுமா என்று சித்தி கேட்டாள். "அளவு ஜாக்கெட் குடுத்துத் தெச்சதைப் போட்டுப் பாக்க என்ன இருக்குது?" என்று அத்தை அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அந்த டெய்லர் மேல் அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. அவரும் பாவம், வந்த அளவுக்கு நூல் பிசகாமல்தான் தைத்திருந்தார்.

முகூர்த்தத்தன்று விடியலில் மண்டபத்து அறையில் சித்தப்பா மகளுக்கு அதைப் போட்டுவிட்டார்கள். தோளில் நிற்காமல் வழிந்தது. உள்ளே இன்னொரு ஆள் நுழையலாம். "அந்த டெய்லரு கையில கொள்ளிய வெக்க!" என்று அத்தை கத்தினாள். "ஊக்கு கொண்டாங்க, ஊக்கு!" பின்னால் மடித்து ஊக்காகக் குத்தினாள். வெளியே மேளம் மாறியது. "நேரமாச்சுங்க, இணைச்சீர்காரியக் கூட்டிட்டு வாங்க" என்று அருமைக்காரர் குரல் கேட்டது.

நான் மூலையில் பழைய பாவாடை தாவணியில் நின்றிருந்தேன். அதுவரை பெரியவர்கள் முன்னால் வாயே திறக்காத சித்தப்பா மகள், ஊக்குகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள். "நான் போட மாட்டனுங்கத்தை. இது அவளுது."

அத்தை ஜாக்கெட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. "இது உன்ற வேலையாடி?"

"ஆமாங்கத்தை. அளவு ஜாக்கெட்டை நாந்தான் மாத்தி வெச்சேன். நாந்தான் நிப்பேன்னு அன்னைக்கே சொன்னனில்லீங்க?"

அத்தையின் கை ஓங்கிவிட்டது. நான் நகரவில்லை. நடுவில் அம்மா வந்து நின்றாள். "நங்கையா, நேரமாச்சுங்க" என்றாள். அதே மெதுவான குரல்தான். ஆனால் ஜாக்கெட் அவள் கைக்கு மாறியிருந்தது. "வா கண்ணு, கையத் தூக்கு."

கொக்கிகள் ஒன்று விடாமல் மாட்டின. அம்மா சேலையைச் சுற்றினாள். அவசரத்தில் அவளுக்குக் கொசுவம் நிற்கவில்லை. அத்தை பட்டென்று தரையில் உட்கார்ந்து, கொசுவத்தை அம்மா கையிலிருந்து பிடுங்கி, தானே மடித்து நீவினாள். "வயித்தை எக்கு" என்றாள். எக்கினேன். என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "வேண்டாம், எக்காத. மூச்சு முட்டும். இருக்கறபடியே நில்லு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மேடையில் என்னைப் பார்த்ததும் அண்ணன் முகம் போன போக்கை நான் மறக்கவே மாட்டேன். பேழையை ஏந்திக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றேன். சேலை முனையைப் பிடித்தபடி, "வந்துட்டியா" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி. போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார், இறக்கினார். "பாப்பா, நீ கொஞ்சம் அண்ணனுக்குப் பின்னாடி தள்ளி நின்னுக்க. ரெண்டு பேரும் ஃப்ரேமுக்குள்ள வர மாட்டீங்கறீங்க."

சபை சிரித்தது. எனக்குக் காது சுட்டது. பேழையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் குரல் கொடுத்தான். பட்டறையில் மிஷின் சத்தத்துக்கு மேலே பேசுகிற அதே குரல். "அவ இங்கயேதானுங்க நிப்பா. நீங்க பின்னால போயி எடுங்க."

போட்டோக்காரர் பின்னால் போனார். நாற்காலிகளை விலக்கிக்கொண்டு ரொம்ப தூரம் போக வேண்டியிருந்தது. முன்வரிசையில் ஈரோட்டுப் பெரியம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அண்ணனும் தங்கச்சியும் ஒரே அச்சுங்க, ஜம்முனு நிக்கறாங்க பாருங்க" என்றாள். அதுவரை அண்ணனுக்கு மட்டுமே கிடைத்த வார்த்தை முதல் தடவையாக எனக்கும் கிடைத்தது.

அந்த ஜாக்கெட் எப்போதோ காணாமல் போய்விட்டது. போட்டோ அண்ணி வீட்டில் இருக்கிறது. சித்தப்பா மகள் இப்போது நன்றாகப் பூசினாற்போல் ஆகிவிட்டாள், டாக்டர் அவளுக்கு எள்ளுருண்டையைத் தடுத்திருக்கிறார்.

அண்ணன் கதைதான் உங்களுக்குத் தெரியுமே. நம்மோடுதான் அதே மைதானத்தில் நடந்தான். போன வருஷம் ஆரம்பத்தில் அவன் மெலிந்துகொண்டே வந்தான். "அண்ணன் நல்லா எளைச்சுட்டாருங்க, பத்து வயசு கொறைஞ்சாப்ல இருக்கறாரு" என்று நாமெல்லாம் சொன்னோம். நானும் சொன்னேன். அவனும் பெருமையாகப் பேண்ட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டான். மாசக்கணக்கில் அதைப் பாராட்டாகவே கேட்டுக்கொண்டிருந்தோம். ஒருத்தருக்காவது, ஏன் இப்படி இளைக்கிறாய், போய் உடம்பைக் காட்டு என்று சொல்லத் தோன்றவில்லை. கடைசியில் காட்டியபோது, முற்றிவிட்டது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவன் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தேன். என் விரல்கள் முட்டின. முட்டிய பிறகும் இடம் இருந்தது. எலும்பு இளைக்காது என்று மேலே எழுதினேன் இல்லையா? அவனுக்கு எல்லாமே இளைத்தது. நான் என்ன செய்கிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. மெல்லச் சிரித்தான். அவனும் என் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தான். அவன் விரல்கள் முட்டவில்லை. "நீ எளைச்சுப்போடாத அம்மணி" என்றான். மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு அவன் என்னிடம் தெளிவாகப் பேசியது எதுவும் இல்லை.

அவன் போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதுதான் இன்று காலை உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் என் மணிக்கட்டை நானே பிடித்துப் பார்த்தேன். கொஞ்சம் போனால் விரல்கள் முட்டிவிடும். பயந்துபோய் அடுக்களைக்குப் போய், இட்லியை எடுத்து வைத்து, நல்லெண்ணெயைக் குழியாக ஊற்றி, அழுதுகொண்டே சாப்பிட்டேன். தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. நாளைக்கு டாக்டரையும் பார்க்கப்போகிறேன்.

அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இனி ஒரு சுற்றுகூட இளைக்கமாட்டேன். நாளை மறுநாள் மைதானத்துக்கு வருகிறேன், முட்டிக்காக நடக்க. என்னைப் பார்த்தால் இளைத்தீர்கள் என்றும் சொல்ல வேண்டாம், பெருத்தீர்கள் என்றும் சொல்ல வேண்டாம். ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால், "அப்படியே உங்க அண்ணனாட்டம் இருக்கறீங்க" என்று சொல்லுங்கள்.